அடுப்பில் பிறக்கும் குளிர்ச்சி

மதுரை கீழமாரட் வீதியில், விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், சாயங்காலம் ஆனால் டம்ளரும் கையுமாக ஒரு கூட்டம் நிற்கும். ஜிகர்தண்டா கடைக்கு வந்த கூட்டம். துணி எடுக்க வந்தவர்கள், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதில் இருப்பார்கள். நின்றபடியே குடித்துவிட்டு நகர்வார்கள். வெயிலுக்கு இதமான ஐஸ்கிரீம் பண்டம் என்பதற்கு மேல் இதைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. இதை ஒரு கைத்தொழிலாக வைத்து எடை போட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இன்றைய உரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜிகர்தண்டாவின் தரம் ஐஸ் பெட்டியில் தீர்மானமாவதில்லை, அடுப்பில் தீர்மானமாகிறது.

அகன்ற சட்டியில் பாலை ஊற்றி, தீயை அடக்கி, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். அடி பிடிக்காமல் துழாவ ஒரு கை வேண்டும். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து மறுபடி பாலிலேயே சேர்க்க வேண்டும். பால் சுண்டச் சுண்ட வெண்மை மாறி இளம்பழுப்பு ஏறும். பாலில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடித் தருகிற நிறம் அது, மணமும் அதுதான். ஐஸ்கிரீமையும் இப்படிச் சுண்டிய பாலில்தான் செய்கிறார்கள். பழைய முறையில், பால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ்கட்டியும் கல்லுப்பும் போட்டுச் சுற்றுவார்கள். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யம் டிகிரிக்கும் வெகுவாகக் கீழே இறங்கும், பால் உறையும். சுண்டிய பாலில் தண்ணீர் குறைவு என்பதால் பெரிய ஐஸ் துகள்கள் உருவாக இடமில்லை. நாக்கில் நறநறப்பு இல்லாமல் ஐஸ்கிரீம் இழைவது அதனால்தான். காய்ச்சும் நேரத்தைக் குறைத்த கடை, எவ்வளவு நல்ல மெஷின் வைத்திருந்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது கடற்பாசி. மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரையோரப் பெண்கள் மூழ்கிப் பறித்துவரும் பாசி வகைகளில் மரிக்கொழுந்து பாசியும் ஒன்று. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து அதைப் பிடுங்குகிறார்கள். அந்த வகைப் பாசியைக் காய்ச்சி எடுப்பதுதான் அகர். மதுரை வட்டாரத்திலேயே அகர் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. அகருக்கு ஒரு விசேஷ குணம். உறைந்துவிட்டால் மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி சூடு வேண்டும். ஆகவே வாய்ச்சூட்டில் ஐஸ்கிரீம் கரைந்து போகும், பாசி கரையாது. வழுக்கிக்கொண்டு, கடிக்கக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். சில கடைகளில் பாசிக்குப் பதில் பாதாம் பிசின் போடுகிறார்கள். அதுவும் குளிர்ச்சிதான், ஆனால் கடிக்க ஒன்றும் நிற்காது. என் ஓட்டு பாசிக்கு.

மூன்றாவது நன்னாரி சர்பத். பாலும் சர்க்கரையும் மட்டும் இருந்தால் நாலு மடக்கில் திகட்டிவிடும். நன்னாரி வேரின் மண்வாசனையும் மெல்லிய கசப்பும் அந்த இனிப்புக்குக் கடிவாளம் போடுகின்றன. நன்னாரிக்குப் பதிலாக ரோஸ் சிரப் ஊற்றும்போது கண்ணுக்கு அழகு கூடுகிறது, நாக்குக்கு நியாயம் குறைகிறது.

இனி கடைக்காரரின் கையைக் கவனியுங்கள். டம்ளரின் அடியில் பாசி, அதன் மேல் சர்பத், பிறகு குளிர்ந்த பால், அதன் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம், கடைசியில் கட்டியான ஆடை. நாலைந்து டம்ளர்களை வரிசையாக வைத்து, மூச்சு விடும் நேரத்தில் முடித்துவிடுவார். அளவுக்கரண்டி கிடையாது, கைக்கணக்குதான். ஒரே குறை, 'ஸ்பெஷல்' என்ற பெயரில் பாசுந்தியும் பால்கோவாவும் குவிப்பது. காசுக்கு நிறையக் கிடைக்கிறதே என்று நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் சர்பத்தும் பாசியும் பேசாமல் அடங்கிப்போகின்றன. விருந்தில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே கவளத்தில் பிசைந்த மாதிரி ஆகிவிடுகிறது.

கடை இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். 1840-களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊருக்கு இடம் உண்டாக்கினார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். அந்த வேலையில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் வீதிகளில் இருக்கின்றன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஜவுளிக்கடைகள் நெருக்கும் சந்தில், கூரை இல்லாமல் பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. பத்துத்தூண் சந்து என்றால் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். துணிமூட்டைகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால்தான் அவை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் என்பது உறைக்கும்.

அந்த அரண்மனையில் முழுசாகப் பிழைத்த பகுதி திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட வேலை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றியதாகச் சொல்வார்கள். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பல பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மிச்சத்தைப் பழுதுபார்த்துக் காப்பாற்றினார். 1995-ல் வந்த பம்பாய் படத்தின் பாட்டொன்றில் இந்தத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். நேரில் போனால் சொர்க்கவிலாச முற்றத்தின் நடுவே நின்று மேலே பாருங்கள். பிறகு ஒரு தூணின் அருகே போய் அதன் அடிப்பகுதியையும் பாருங்கள். பெயர் கிறுக்கி வைத்திருக்கும் நம்மவர்களின் கைவேலை கண்ணில் படும். கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் போனால் வண்டியூர் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமானது என்பது ஊர்ப்பேச்சு.

இந்த வட்டாரத்துக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. மகாலை வெயில் தாழுமுன் பார்த்துவிடுங்கள். பத்துத்தூண் சந்து வழியாக நடந்து விளக்குத்தூணுக்கு வாருங்கள். முதலில் சாதா டம்ளர் ஒன்று வாங்குங்கள். கலக்காமல் ஒரு வாய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, காய்ச்சிய மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது நல்ல கடை. அடியிலிருந்து கலக்கிக் குடியுங்கள். வெறும் இனிப்பும் குளிர்ச்சியும்தான் என்றால், ஸ்பெஷல் வாங்கியும் அது தேறப்போவதில்லை. அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். மதுரையில் ஜிகர்தண்டா கடைக்குப் பஞ்சமில்லை.