திரும்புகிற இடம்

பிரான்சின் சார்த்ர் பேராலயத் தரையில் இருக்கும் வட்டப் பாதையைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லில் பதித்த லேபிரிந்த் அது. தமிழில் இதைப் புதிர்ப்பாதை என்று எழுதிவிடுகிறார்கள். இந்த உரையாளருக்கு அந்தச் சொல் பிடிக்காது. புதிர் என்றால் வழி தவற வேண்டும். இங்கே வழி ஒன்றே ஒன்று. கிளை கிடையாது, முட்டுச்சந்து கிடையாது. அபிமன்யுவுக்கு வந்த கஷ்டம் யாருக்கும் வராது. போன வழியே திரும்பி வந்துவிடலாம்.

அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது? திருப்பம் இருக்கிறது.

வட்டத்தின் குறுக்களவு 13 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 11 சுற்று. நடுவிலுள்ள ஆறிதழ்ப் பூவை எட்டுவதற்குள் 260 மீட்டர் நடந்திருப்போம். பாதையின் அகலமோ ஒரு முழம்கூட இல்லை, 34 சென்டிமீட்டர்தான். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும்.

உள்ளே காலெடுத்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே பாதை நடுப்பூவை ஒட்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். ‘இவ்வளவுதானா, வந்துவிட்டோமே’ என்று மனம் குதிக்கும். அங்கே பாதை திரும்பிவிடும். பிறகு விலகி, நெருங்கி, மறுபடி விலகி, கடைசியில் வெளிவிளிம்புக்கே தள்ளிவிடும். நடுவை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்று சலிக்கும்போது, மிச்சம் இருப்பது சில திருப்பங்கள்தான்.

இப்படி 28 இடங்களில் வந்த திசைக்கு நேர் எதிராகத் திரும்ப வேண்டும். விரைந்து வருகிறவர் தடுமாறுவார். முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, பின்கால் வந்து சேர ஒரு மூச்சு நேரம் ஆகும். இந்த நடை ஒரு செபம் என்றால், அது அந்த ஒரு மூச்சில் இருக்கிறது என்பது இந்த உரையாளரின் கட்சி. மறுபடியும் சொன்னால் தவறில்லை: நடுப்பூவில் அல்ல, திருப்பத்தில்.

செருசலேமுக்குப் போக முடியாதவர்கள் இதில் முழங்காலிட்டே போனார்கள் என்ற கதை பல கையேடுகளில் உண்டு. அதற்கு அந்தக் காலத்து ஏட்டில் சான்று இல்லை. சான்று இருப்பது அதே பிரான்சின் ஒசேர் பேராலயத்து ஆட்டத்துக்கு. அங்கே ஈஸ்டர் திருநாளில் குருக்கள் கைகோத்து, பாடிக்கொண்டே லேபிரிந்தைச் சுற்றி ஆடினார்கள். ஒரு பெரிய பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. பந்து வாங்கித் தருவது புதிதாகச் சேர்ந்த குருவின் பொறுப்பு. 1538இல் தடை வந்து ஆட்டம் நின்றது. ரேம்ஸ் பேராலயத்தில் வழிபாட்டு நேரத்தில் பிள்ளைகள் பாதையில் ஓடிச் சத்தம் போடுகிறார்கள் என்று 1779இல் பாதையையே பெயர்த்துவிட்டார்கள்.

சார்த்ர் பாதை தப்பியது, ஆனால் நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. சான் பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தின் குரு லாரன் ஆர்ட்ரெஸ் 1991இல் அங்கே போய், கூட வந்தவர்களோடு சேர்ந்து நாற்காலிகளை நகர்த்திவிட்டு நடந்தார். ஊர் திரும்பியதும் அதே வடிவத்தைக் கித்தான் துணியில் வரையச் செய்து விரித்தார். இன்று மருத்துவமனை வளாகங்களிலும் பூங்காக்களிலும் காணும் பாதைகள் பலவற்றுக்கு அந்தத் துணி ஒரு தொடக்கம்.

நல்ல காரியம்தான். ஆனால் இப்போது உல்லாச விடுதிகளில் நடப்பதைப் பார்த்தால் இந்த உரையாளருக்குப் பொறுக்கவில்லை. காதில் பாட்டு, மணிக்கட்டில் அடிக்கணக்கு, நடுவில் நின்று ஒரு செல்ஃபி, பிறகு கோடுகளைக் குறுக்கே மிதித்து வெளியேறிவிடுவது! வந்த வழியே திரும்பினால் அத்தனை திருப்பமும் மறுபடி உண்டு. பாதி நடையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன மார்கழியில் இவர் மொட்டை மாடியில் கோலப்பொடியால் ஏழு சுற்றுப் பாதை ஒன்று போட்டார். நடுவில் ஒரு கூட்டல் குறி, அதன் நான்கு மூலையிலும் ஒரு மடக்குக் கோடு, ஒரு புள்ளி. முனைக்கு முனை வளைத்து இழுத்தால் பாதை வந்துவிடும். புள்ளிக்கோலம் பழகிய கைக்குச் சில நிமிட வேலை. பேத்தி அதில் ஓடினாள். ஒரு கோட்டையும் மிதிக்காமல் நடுவுக்குப் போய், அதே வழியில் திரும்பி, கூச்சலோடு வெளியே வந்துவிட்டாள். தாத்தா அப்போது மூன்றாவது திருப்பத்தில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.