காசநோயும் நமது கடமையும்

(தெஹிவளையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திலே ஆற்றிய உரை)



இன்று எந்தப் பொருளிலே பேசப்போகின்றேன் என்று செயலாளர் என்னிடம் வினவியபோது, காசநோயைப் பற்றி என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, அந்த நோய் இப்ப எங்கே இருக்கு? வேறு ஏதாவது நல்ல விஷயமாய்ப் பேசக்கூடாதா?" என்றார். அவர்மீது குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்னர் என்றால் நானும் அப்படியே கேட்டிருப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் எனக்கே அந்த நோய் வந்தது. மிஷன் பாடசாலையிலே உயிரியல் படித்து, சுவாசப்பையின் படத்தை அழகாக வரைந்து புள்ளி வாங்கியவன் நான். ஆயினும் என் சொந்தச் சுவாசப்பையிலே நடப்பதை இரண்டு மாதமாக அறியாதிருந்தேன். இருமல் வந்தது, மழைக்காலம் என்றோம். மாலை தோறும் காய்ச்சல் காய்ந்தது. பரீட்சைக் களைப்பு என்றோம். உடம்பு மெலிந்தது; நேரத்துக்குச் சாப்பிடாததால் என்றோம். இரவிலே தலையணை நனையும்படி வியர்த்தது. அறையிலே காற்றில்லை என்றோம். பாணி மருந்து மூன்று போத்தல் முடிந்த பிறகுதான் ஒருவர் சளியைப் பரிசோதிக்கும்படி கூறினார்.

நோய் இன்னதென்று தெரிந்தபோது என் தாயார் அழுதார். அழுது முடிந்ததும் அவர் கூறிய முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே" என்பது. அப்பொழுது என் தமக்கையாருக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். உறவினருக்கெல்லாம் நியூமோனியா என்று சொன்னோம். எனக்கென்று தனித் தட்டும் தனிக் குவளையும் வைத்தோம். எப்படியோ செய்தி கசிந்தது. பேசிய இடத்தார் பின்பு வரவில்லை. அவர்கள் காரணம் கூறவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. இன்று என் தாயாரும் தமக்கையாரும் இம்மண்டபத்திலே இருக்கின்றார்கள். இதைப் பேசும்படி என்னை ஏவியவரே என் தமக்கையார்தாம். "மறைத்துக் கட்டுகிற கலியாணம் எனக்கு வேண்டாம்; நீ போய்ச் சொல்லு" என்றார்.

அன்பர்களே, வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு பகுதியாக வகுத்தார். நோயாளி ஒன்று, மருத்துவன் இரண்டு, மருந்து மூன்று, நோயாளியின் அருகே நின்று மருந்து கொடுப்பவன் நான்கு. இந்த நோயைப் பொறுத்தவரையில் முதல் மூன்றும் இன்று வெகுதூரம் முன்னேறிவிட்டன. நான்காவதுதான் பின்தங்கி நிற்கின்றது. அந்த நான்காவது நாமே. இதுவே நான் சொல்லவந்த செய்தி.

முதலிலே நோயைக் கண்டறிதலைப் பார்ப்போம். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லின் நகரத்திலே றொபேட் கொக் என்னும் அறிஞர், காசநோய் ஒரு கிருமியினாலே வருகின்றதென்று எடுத்துக்காட்டினார். பரம்பரைத் தோஷம், பாவத்தின் பலன் என்ற பேச்சுக்கெல்லாம் அன்றே முடிவு வந்திருக்க வேண்டும். ஆனால் கலியாணப் பேச்சுக்களிலே இன்னும் வரவில்லை. நோயாளி இருமும்போதும் உரத்துப் பேசும்போதும் நுண்ணிய துளிகளோடு கிருமி காற்றிலே கலக்கின்றது. அக்காற்றைச் சுவாசிப்பவருக்கு அது தொற்றுகின்றது. தட்டினாலும் குவளையினாலும் தொற்றுவதில்லை. நாங்கள் வீட்டிலே தட்டைப் பிரித்து வைத்துவிட்டு யன்னலைச் சாத்தி வைத்திருந்தோம்! செய்ய வேண்டியதற்கு நேர் எதிரானதைச் செய்தோம்.

தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. உலக மக்களிலே ஏறத்தாழ நாலிலொரு பங்கினரின் உடலிலே இக்கிருமி நீறு பூத்த நெருப்பைப் போல உறங்குகின்றது என்பர். அவர்களுட் பத்திலொருவருக்கோ அதிலுங் குறைவானவர்களுக்கோதான் வாழ்நாளில் எப்பொழுதாவது நோயாக வெளிப்படுகின்றது. போசாக்கின்மை, நீரிழிவு, புகைத்தல், மது ஆகியவை அந்த நீற்றை ஊதிவிடும் காற்றுக்கள். நீரிழிவு நம்மவரிடையே எவ்வளவு மலிந்திருக்கின்றது என்பதை இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள்.

கொக் காட்டிய வழியிலே சளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரதான பரிசோதனையாக இருந்தது. அது மலிவானது, இன்றும் உதவுவது. ஆயினும் ஒரு மில்லிலீற்றர் சளியிலே ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் குறைந்தவர்கள் தப்பிப்போவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை நுட்பமானது. ஆனால் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு டிசம்பரிலே உலக சுகாதார நிறுவனம் ஜீன் எக்ஸ்பேட் என்னும் பரிசோதனையை அங்கீகரித்தது. இது கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கின்றது. ஒரு மில்லிலீற்றரிலே நூற்றைம்பதுக்குக் குறைந்த கிருமிகள் இருந்தாலும் காட்டிவிடும். அன்றியும், றிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்கு அக்கிருமி அடங்குமா அடங்காதா என்பதையும் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளே சொல்லிவிடும். இப்போது கையிலே தூக்கிச் செல்லத்தக்க எக்ஸ்றே இயந்திரங்களும் வந்துவிட்டன. அப்படங்களைக் கணினியே வாசித்துச் சந்தேகமானவர்களைப் பிரித்துக் காட்டுவதை 2021ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

புதிய வழி என்றால் இயந்திரம் மாத்திரமே என்று எண்ணவேண்டாம். தமிழ்நாட்டிலே 2022ஆம் ஆண்டு காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டவுடனே நோயாளியின் உடல் எடை, மூச்சு வேகம், கால் வீக்கம், பிடியாமல் எழுந்து நிற்க முடியுமா என்பன போன்றவற்றைப் பார்க்கின்றார்கள். கடுமையானவர்களைத் தாமதமின்றி வைத்தியசாலையிலே சேர்க்கின்றார்கள். இதற்குத் தராசும் மணிக்கூடும் கவனமுள்ள ஒரு தாதியுமே பெரும்பாலும் போதும்.

இனி மருந்தைப் பார்ப்போம். புதுமைப்பித்தனை நீங்கள் அறிவீர்கள். அவர் 1948ஆம் ஆண்டிலே, நாற்பத்திரண்டு வயதிலே இந்நோயினால் மறைந்தார். முதல் மருந்தாகிய ஸ்ரெப்ரோமைசின் 1943ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1952ஆம் ஆண்டு ஐசோனியசிட் என்னும் மலிவான மாத்திரையும் வந்தது. சில ஆண்டுகள் முந்தி வந்திருந்தால் நமக்கு எத்தனை கதைகள் மிஞ்சியிருக்கும்!

மருந்து வந்த பின்னரும் ஒரு கேள்வி நின்றது. அக்காலத்திலே காசநோயாளி என்றால் சனற்றோரியத்துக்குப் போகவேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது வைத்திய உலகத்தின் துணிபு. காங்கேசன்துறைச் சனற்றோரியத்தையும் வெலிசறையையும் நினைவிலுள்ள பெரியோர்கள் இங்கே இருப்பார்கள். ஆனால் நோயாளரின் தொகைக்குப் படுக்கைகள் எங்கே போதும்? ஏழைத் தகப்பன் ஒரு வருடம் வீட்டைவிட்டுப் போனால் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள்?

இக்கேள்விக்கு விடை சென்னையிலே கிடைத்தது. 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார நிறுவனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் கூடி அங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கின. வலஸ் பொக்ஸ் என்னும் வைத்தியர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். நெருக்கமான குடியிருப்புக்களிலே வாழ்ந்த ஏழை நோயாளர் 193 பேரைத் தெரிந்து, ஒரு பகுதியினரைச் சனற்றோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பகுதியினரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். இரு பகுதியினருக்கும் ஒரே மருந்து, ஒரே காலம். வீட்டிலிருந்தவர்களுக்கு நல்ல உணவுமில்லை, போதிய ஓய்வுமில்லை. ஓராண்டு முடிவிலே பார்த்தால், இரு பகுதியிலும் பத்திலே எட்டுப் பேருக்கு மேல் நோய் அடங்கிவிட்டது. பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. இம்முடிவு 1959ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். நோயாளியோடு ஒரே வீட்டிலே இருந்த மனைவி மக்களுக்கு, நோயாளியைச் சனற்றோரியத்துக்கு அனுப்பிய குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முந்திய காலத்திலேதான். மருந்து ஒழுங்காகச் சென்றால், சாதாரணமாகச் சில வாரங்களுக்குள்ளே நோயாளி பிறருக்குத் தொற்றச் செய்வது வெகுவாகக் குறைந்துவிடும். உலகெங்கும் சனற்றோரியங்கள் மூடப்பட்டமைக்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். ஆகவே நோயாளியை ஒளிப்பதற்கும் ஒதுக்குவதற்கும் இருந்த நியாயம் அறுபது வருடங்களுக்கு முன்னரே போய்விட்டது. உண்மையில், மறைப்பதால் வைத்தியம் தாமதிக்கின்றது. தாமதத்தால் வீட்டிலுள்ளவர்களுக்கே தொற்றுகின்றது.

இன்று சாதாரண காசநோய்க்கு ஆறு மாத வைத்தியம் போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். மருந்துக்கடங்காத நோய்க்கு முன்பு ஒன்றரை வருடம், அதற்கு மேலும், காதைச் செவிடாக்கக்கூடிய ஊசிகளோடு வைத்தியம் செய்தார்கள். 2022ஆம் ஆண்டு தொடக்கம் அவர்களிற் பலருக்கு ஆறு மாதத்திலே, ஊசியின்றி, மாத்திரைகளாலேயே வைத்தியம் செய்யும் முறையை உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கின்றது. புதிய தடுப்புமருந்து ஒன்றின் பெரும் பரிசோதனை 2024ஆம் ஆண்டிலே ஆரம்பமாகியுள்ளது.

இவ்வளவும் இருந்தும் 2023ஆம் ஆண்டிலே உலகத்திலே ஏறத்தாழ 1 கோடி 8 இலட்சம் பேருக்கு இந்நோய் வந்தது. பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். நமது நாட்டிலே ஆண்டுதோறும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேரளவிலே கண்டுபிடிக்கப்படுகின்றனர். ஆனால் உண்மையிலே நோயுற்றவர்கள் பதினாலாயிரம் வரையில் இருக்கலாமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பு. அப்படியாயின் மூவரில் ஒருவர் கணக்கிலே இல்லை. நாட்டிலே மிகுதியான நோயாளர் காணப்படுவதும் நமது கொழும்பு மாவட்டத்திலேதான். தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு சிறு அறையிலே நாலைந்து பேர் தங்கிப் படிக்கிறோம், வேலை செய்கிறோம். அந்தக் கணக்கிலே இல்லாதவர் அடுத்த அறையிலே இருமிக்கொண்டிருக்கலாம்.

இனி நான்காவது பகுதிக்கு வருகின்றேன். சென்னை நிலையத்தார் மற்றொரு உண்மையையும் கண்டார்கள். மாத்திரையைக் கையிலே கொடுத்துவிட்டால் எல்லோரும் விழுங்கிவிடுவதில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள், பலர் இடையிடையே விட்டிருந்தார்கள். ஆகவே ஒருவர் முன்னிலையிலே மருந்தை உட்கொள்ளும் முறையை அங்கே பரீட்சித்துப் பார்த்தார்கள். அம்முறை பின்பு உலகமெங்கும் பரவியது. இதன் அவசியத்தை நான் அநுபவத்திலே அறிந்தேன். இரண்டாம் மாதத்திலே இருமல் நின்றது, பசி வந்தது, எடை கூடியது. இனி எதற்கு மாத்திரை என்று மனம் கேட்டது. அப்படி நிறுத்துபவரிடத்திலேதான் கிருமி மருந்துக்கடங்காததாக மாறுகின்றது.

என்னை நிறுத்தவிடாமற் காத்தவர் எங்கள் ஒழுங்கையிலுள்ள இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். என் தாயார் வேறு வழியின்றி அவரிடம் மாத்திரம் உண்மையைக் கூறினார். சிகிச்சை நிலையத்தாரின் சம்மதத்தோடு அவர் அப்பொறுப்பை ஏற்றார். காலை தோறும் கோயிலுக்குப் போகும் வழியிலே எங்கள் வாசலிலே நின்று, நான் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்து, அட்டையிலே அடையாளமிட்டுப் போவார். உபதேசம் எதுவும் செய்யமாட்டார். "எப்படித் தம்பி?" என்பார், அவ்வளவுதான். மழையென்றால் குடையோடு வருவார். அவரும் இந்த மண்டபத்திலே இருக்கின்றார்; பெயரைச் சொன்னால் கோபிப்பார்.

ஆகவே நமது சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ள எவரையும் மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்ல அங்கத்தவர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். தனியே போகத்தான் பயம். இரண்டாவது, அந்தத் தபாலதிபரைப் போல வாசலிலே வந்து நிற்கச் சிலர் முன்வரவேண்டும். மூன்றாவது, அன்னதானத்துக்கு நாம் சேர்க்கும் அரிசியிலும் பருப்பிலும் ஒரு பங்கை இந்நோயுற்ற ஏழைக் குடும்பங்களுக்கு ஒதுக்கவேண்டும். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே செய்து 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியிலே, நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் வருவது நூற்றுக்கு நாற்பது பங்களவு குறைந்தது. பருப்பும் ஒரு மருந்துதான்.

பெரியோர்களுக்கு வேறொரு விண்ணப்பம். கலியாணம் பேசும்போது இந்நோய் வந்து சுகமான குடும்பமென்று கேள்விப்பட்டால், பின்வாங்கும் முன் ஒரு வைத்தியரைக் கேளுங்கள். சுகமானவரைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. வைத்தியம் செய்யாது மறைத்து வைத்திருப்பதற்கே பயப்பட வேண்டும். மறைக்கும்படி தூண்டுவது நமது பயமே.

நான் இன்று சொல்லிவிட்டேன். நாளை காலை ஒழுங்கையிலே என்னைக் காணும்போது, வழக்கம்போல நின்று பேசிப்போங்கள். அதுவே எனக்குப் போதும்.