முகம் காணாத முதலாளி



கடல் கடந்த வேலை நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்தவர்கள்தாம். ஆனால், இன்று நம் பிள்ளைகள் சிலர் செய்வது வேறு வகை. ஆள் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். வேலையோ மெல்பர்னிலோ லண்டனிலோ உள்ள நிறுவனத்துக்கு. கணக்கு எழுதுதல், வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் அளித்தல், கணினியில் படம் வரைதல் போன்ற வேலைகள் இப்படி இணையத்தின் வழியே நடைபெறுகின்றன.

இவற்றுக்கு வேண்டிய படிப்பு நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் பழக்கவழக்கம்தான் பலருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. அதனால், நல்ல திறமைசாலிகூட வேலையை இழக்க நேரிடலாம். ஆகவே, அதைப்பற்றி நாம் இன்று சற்றுச் சிந்திப்போம்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு. பெயரைக் கூப்பிட்டதும் ஆள் முன்னால் நிற்பார். எத்தனை கிலோ பால், எத்தனை குலை என்பதைக் கிராணி நிறுத்தும் எண்ணியும் பதிந்துகொள்வார். வாய் திறக்காமலே ஒருவருடைய உழைப்பு மற்றவருக்குத் தெரிந்துவிடும். முகம் காணாத முதலாளியிடம் இது நடவாது. நம் பிள்ளை இரவு பகலாகக் கணினியின் முன் அமர்ந்திருந்தாலும், அங்கே இருப்பவருக்கு அது தெரியாது. எழுதித் தெரிவித்தால்தான் தெரியும்.

இங்கேதான் நமக்கு ஓர் இடர்ப்பாடு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, கேள்வி கேட்காதே என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். வகுப்பறையில், "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது, ஐயா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். புரியாத பிள்ளையும் அந்தக் குரலில் சேர்ந்துகொள்ளும். ஆசிரியருக்கு மரியாதை என்று அது நினைக்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மெல்பர்ன் நிறுவனமொன்றுக்கு அவள் கணக்கு எழுதுகிறாள். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று மேலாளர் கேட்கிறார். முடியாது என்று சொல்வது மரியாதை அல்ல என்று எண்ணி, "முடியும்" என்கிறாள். புதன்கிழமை பார்த்தால் இரண்டு வங்கிக் கணக்கறிக்கைகள் வந்து சேரவில்லை. தொந்தரவு செய்வானேன் என்று அவற்றைக் கேட்காமல் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருகிறது, கணக்கு முடியவில்லை, அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. அவள் மனத்தில் இருப்பது பணிவு. மேலாளர் எண்ணுவதோ, "இவளை நம்ப முடியாது" என்பது.

அதே பெண் புதன்கிழமையே, "இரண்டு அறிக்கைகள் வரவில்லை. நாளை கிடைத்தால் திங்கட்கிழமை முடித்துவிடுவேன்" என்று இரண்டு வரி எழுதியிருந்தால், அவளுக்குக் குறை வந்திராது. நல்ல பொறுப்புள்ளவள் என்ற பெயரே கிடைத்திருக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கேட்டவருக்குத்தான் உதவி கிடைக்கும்.

ஆகவே, நாள்தோறும் வேலை முடிந்ததும் மூன்று செய்திகளை எழுதி அனுப்பும் பழக்கம் நல்லது. இன்று முடிந்தது எது? கையில் இருப்பது எது? தடையாக நிற்பது எது? அதுதான் இந்த வேலையின் பெரட்டு.

ஆஸ்திரேலிய அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். துரை என்று அழைத்த பரம்பரைக்கு அது கூச்சமாக இருக்கும். அங்கே அது மரியாதைக் குறைவன்று. அதுபோலவே, கூட்டத்தில் ஒருவருடைய கருத்தை மற்றொருவர் மறுத்தால் அது சண்டையும் அன்று. நம் பிள்ளையின் வேலையில் உள்ள பிழையை நேராகச் சுட்டிக்காட்டினாலும் மனம் உடைந்துபோக வேண்டியதில்லை. அது வேலையைப் பற்றிய பேச்சு. ஆளைப் பற்றியது அன்று.

அடுத்து, நேரம். 1982 ஜனவரி 1-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பெரியவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும். மெல்பர்னிலும் லண்டனிலும் கடிகாரத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றுகிறார்கள். மெல்பர்ன் நமக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அது மூன்று மணி நேரமாகிவிடும். ஆகவே, அவர்களுடைய காலை 9 மணிக் கூட்டம் நமக்குச் சில மாதங்களில் 7 மணி, சில மாதங்களில் 6 மணி. லண்டனில் மாலை 4 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12 மணி. அங்கே கோடைக்காலமானால் இரவு 11 மணி. எனவே, கூட்டத்துக்கு நேரம் குறிக்கும்போது இரண்டு ஊர் நேரத்தையும் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தீபாவளியும் தைப்பூசமும் அவர்களுடைய அலுவலக நாள்காட்டியில் இல்லாமல் போகலாம். விடுமுறை தரவில்லையே என்று மனம் புழுங்குவதால் பயனில்லை. ஓரிரு மாதங்களுக்கு முன்பே நாளைக் குறித்து எழுதிக் கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். "வீட்டில்தானே இருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்று வேலை நேரத்தில் பிள்ளையை அனுப்பாதீர்கள். அவர் வீட்டில் இருக்கவில்லை, வேலையில் இருக்கிறார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்த தகப்பன் பகலில் உறங்கும்போது, சின்னப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்ட தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பொறுமைதான் இப்போதும் வேண்டும். பிள்ளையும் வேலை முடிந்ததும் கணினியை மூடிவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது. வேலை ஓய்வுபெற்ற காலத்தில் அது எத்தனை குடும்பங்களைத் தாங்கியது என்பதை நாம் அறிவோம். இங்கே கிளை இல்லாத வெளிநாட்டு நிறுவனம் அதற்குப் பணம் கட்டும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன்பே படித்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் கட்டாவிட்டால், நாமே விருப்பச் சந்தா செலுத்த வழி உண்டு. விபத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்பதைச் சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கலாம். சம்பளம் வெளிநாட்டிலிருந்து வந்தாலும், இங்கிருந்து செய்யும் வேலைக்கு வருமான வரிக் கணக்கும் இங்கேதான் காட்ட வேண்டும்.

நேயர்களே, பணிவை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பணிவு நம் சொத்து. ஆனால், வாய் மூடியிருப்பது மட்டுமே பணிவு ஆகாது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதும், முடியாததை முன்கூட்டியே தெரிவிப்பதும் பணிவில் சேர்ந்தவையே. அந்தப் பழக்கம் முதல் வேலைக்கான ஒப்பந்தம் வரும் நாளில் திடீரென்று வந்துவிடாது. இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "பேசாமல் சாப்பிடு" என்று சொல்லாமல், பதில் சொல்லிப் பாருங்கள்.