கையலம்பத் தண்ணீர்

கேரளத்தின் கொச்சியில் இருக்கிறது மட்டாஞ்சேரி. பக்கத்திலேயே காயல்; அது உப்புத் தண்ணீர். குடிநீர் குழாயில்தான் வரவேண்டும்.

2023 தொடக்கத்தில், அந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் அனுப்பும் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதாயின. மட்டாஞ்சேரி உள்ளிட்ட மேற்குக் கொச்சியில் குழாய்கள் வறண்டன. காசுள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கலாம். இல்லாதவர்கள் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்க வேண்டும்.

அந்தக் குடம் குடிக்கவும் சமைக்கவுமே சரியாகிவிடும். பிள்ளை கையலம்பத் தண்ணீர் மிஞ்சாது. கையலம்பாவிட்டால் வயிற்றுப்போக்கு. அது திரும்பத் திரும்ப வந்தால் உண்ட சோறு உடம்பில் ஒட்டாது. ஓட்டைப் பானையில் ஊற்றுகிற மாதிரிதான். பிள்ளையின் வளர்ச்சி குன்றிப்போகும்.

கேரளத்தில் பிறக்கும் 1000 குழந்தைகளில், ஒரு வயதுக்குள் இறப்பவை 10-க்கும் குறைவு. பெரிய சாதனை, மனதாரச் சொல்கிறேன். அங்கேயும் எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி ஒன்றுதான்; வீட்டுத் தண்ணீர் ஒன்றல்ல. இது அநியாயம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், பொட்டலத்தில் சொன்ன அளவுப்படி கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைக்குழந்தையா? தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். பிள்ளை சோர்ந்து துவண்டால் உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.