இரத்தம் மிகுந்தால் நலமா?



பழவேற்காட்டில் என் அண்டை வீட்டு மீனவர், பல்லாண்டு பீடி புகைத்து நுரையீரல் நலிந்தவர். சோதனையில் ஹீமோகுளோபின் 18 கிராம் என வந்தது. ஆடவர்க்கு ஏறத்தாழ 13 முதல் 17 வரையே இயல்பு. “இரத்தம் நிறைய இருக்கிறது, வாத்தியாரையா!” என்றார். நானும் மகிழ்ந்தேன், அது என் பிழை.

1890-இல் பெரு நாட்டு மலைகளில், காற்று மெலிந்த உயரத்தில், சிவப்பணுக்கள் பெருகுவதைப் பிரெஞ்சு அறிஞர் வியோ கண்டார். நுரையீரல் நலிந்தவருக்குக் கடற்கரையும் மலையுச்சியே. பிராணவாயு குறையவே, சிறுநீரகம் எரித்ரோபாயிட்டின் என்னும் சுரப்பை மிகுதியாக விடுக்கிறது; எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்குகிறது; இரத்தம் தடித்து இதயத்தின் சுமை கூடுகிறது.

மருத்துவர் இதனை விளக்கிய பின்னரே நண்பர் பீடியை விட்டார். எண்ணை மட்டும் கண்டு மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. அதன் காரணத்தை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.