படைவீரருக்கு வாய்தா உண்டு, வட்டிக்கு ஓய்வு இல்லை



வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அத்தகைய ஊர்களிலும் பாகப்பிரிவினைத் தகராறு உண்டு, வீட்டுக் கடன் உண்டு. பிராது தாக்கலாகும் நாளில் பிரதிவாதி லடாக்கில் காவல் நின்றுகொண்டிருப்பார்.

இந்தச் சிக்கலை வெள்ளையர் அரசே உணர்ந்திருந்தது. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம் அதற்காகவே வந்தது. எதிர்த்தரப்பினர் போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் படைவீரர் என நம்ப வாதிக்குக் காரணம் இருந்தால், அதைப் பிராதிலேயே சொல்ல வேண்டும். அவரால் வர இயலாது என்று மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். வழக்கைத் தள்ளிவைக்கவும், அவர் இல்லாதபோது பிறந்த தீர்ப்பை நீக்கவும் வழியிருக்கிறது. அந்தப் பணிக்காலம் காலவரையறைக் கணக்கிலிருந்தும் கழிக்கப்படும். ஆனால் வாதி வாய் திறக்காவிட்டால்? வீட்டிலிருக்கும் வயதான தாய்க்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாவிட்டால்? வழக்கறிஞர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறோம் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இன்னொரு கவசம். அதன் 28-ஆம் பிரிவுப்படி, உரிமையியல் நீதிமன்றம் படைவீரரின் ஊதியத்தை ஜப்தி செய்ய முடியாது. பணிக்குப் பயன்படுத்தும் விலங்கையும் பறிமுதல் செய்யக் கூடாதாம். குதிரைப்படைக் காலத்து வாசனை இன்னும் போகவில்லை. இதே கவசம் ஜீவனாம்சம் கேட்கும் மனைவிக்குக் குறுக்கே நிற்கும் சுவராகவும் ஆகலாம். 90, 91-ஆம் பிரிவுகளின்கீழ் ராணுவ அதிகாரிகளே ஊதியத்தில் பிடித்து அவரிடம் சேர்க்க முடியும். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதை அவருக்கு யார் காட்டுவது?

என் முக்கிய மனக்குறை வேறு. நம் சட்டம் வீரருக்கு நேரம் தருகிறது; வட்டியை நிறுத்துவதில்லை. வழக்கு உறங்கும் காலத்திலும் கடன் வளர்கிறது. அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் படைவீரர் உரிமையியல் நிவாரணச் சட்டப்படி, பணிக்கு வருமுன் வாங்கிய கடனுக்கு வட்டி 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிஞ்சிய வட்டி தள்ளுபடியாகும். பின்னாளில் வசூலிக்கவும் முடியாது. அதை அப்படியே இங்கே நட முடியாது. அங்கே வேறு தொழிலை விட்டுப் போர்ப்பணிக்கு அழைக்கப்படும் சேமப் படையினருக்கு அது நன்றாகப் பொருந்தும். நம் ஜவான்களில் பெரும்பாலோர் இளம் வயதிலேயே படையில் சேர்ந்து, பிறகுதான் கடன் வாங்குகிறார்கள். ஆகவே கடன் வாங்கிய தேதியை விட்டுவிட்டு, களப்பணியில் இருக்கும் மாதங்களை அளவாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் தெரியாத குடும்பங்களுக்கு வழிகாட்ட, 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவித் திட்டத்தைத் தொடங்கியது. உதவி மையம் படைவீரர் நல அமைப்பான சைனிக் வாரியத்தின் அலுவலகத்துக்கே வருவது நல்ல முன்னேற்றம்.

இந்த அவையில் கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. எதிர்த்தரப்பினர் படையில் பணிபுரிகிறாரா என்ற கேள்வியைப் பிராதுப் படிவத்திலேயே சேர்க்க ஒரு வாசகம் எழுதுங்கள். களப்பணி மாதங்களில் வட்டியை நிறுத்தும் ஒரு சட்டப்பிரிவுக்கு வரைவு கொடுங்கள். இரண்டும் கைக்கு வராமல் இந்த அவை கலைய வேண்டாம்.