எந்த அணுவுக்குச் சக்தி?
(அம்பத்தூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



புற்றுநோய் கண்டுவிட்டால் நம் ஜனங்கள் முதலில் தலைவிதி என்கிறார்கள். அடுத்தபடியாக, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள். அந்தச் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லிப் பொடியும் லேகியமும் விற்கப்படுகின்றன. இருந்த நகையை விற்று அதை வாங்குகிறவர்களும் உண்டு. தலைவிதிப் பேச்சில் அறிவுக்கு இடமே கிடையாது. இரண்டாவது பேச்சோ அறிவு போலத் தோன்றுவதால், அதையே இன்று சற்று விசாரிப்போம்.

நம் இரத்தத்தில் டி செல் என்னும் வெள்ளையணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகுப்பு, கெட்ட அணுக்களைக் கொல்லும். மற்றொரு வகுப்போ, கொல்லும் படை நம் சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் அடக்கி வைக்கும். இவ்வடக்கும் அணுக்களை 1995-ல் அடையாளங்காட்டிய ஜப்பானியர் சகாகுச்சிக்கு, பிரன்கோ, ராம்ஸ்டெல் என்பவர்களோடு 2025-ல் நோபெல் பரிசு கிடைத்தது. புற்றுக்கட்டி என்ன செய்கிறதென்றால், இந்த அடக்கும் அணுக்களையே தன்னுள் திரட்டி வைத்துக் கொள்ளுகிறது. திருடன் வீட்டுக்குப் போலீசே பாரா நிற்பது போன்ற காரியம் இது! அப்படியிருக்க, சக்தியைக் கூட்டு என்றால் யாருடைய சக்தியை? திருடனைப் பிடிப்பவனுடையதையா, அவனுக்குப் பாரா நிற்பவனுடையதையா?

மருந்துக்கும் இதே கேள்வி உண்டு. டி செல்களின்மேல் சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்று இரண்டு பிரேக்குகள் உண்டு. அவற்றை விடுவித்துப் புற்றைத் தாக்க வழி கண்ட அலிசனும் ஹோஞ்சோவும் 2018-ல் நோபெல் பரிசு பெற்றார்கள். மரணத்தின் வாயிலிலிருந்த பலர் இம்மருந்துகளால் பிழைத்தது மெய். ஆனால் அடக்கும் அணுவின் மேலும் அதே பிரேக் இருக்கிறதே! சி.டி.எல்.ஏ.-4 மருந்து எலிகளின் கட்டியில் அவ்வணுக்களை அழித்தது. மனிதரிடத்தும் அப்படித்தானா என்பது இன்னும் விவாதத்திலிருக்கிறது. பி.டி.-1 மருந்து கொடுத்த வயிற்றுப் புற்றுநோயாளிகள் சிலருக்கு நோய் முன்னிலும் வேகமாக வளர்ந்தது. அவர்களுடைய கட்டியில் அடக்கும் அணுக்களே பெருகியிருந்தன என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் காட்டினார்கள். பரிசு பெற்ற மருந்தாயினும் பெயரை நம்பிப் பயனில்லை, பரீட்சித்தே ஏற்கவேண்டும்.

பரீட்சை பணக்காரருக்கு மட்டும் உரியதன்று. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை வைத்தியர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்றுள்ள 151 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மலிவான மாத்திரைகள் மட்டும். மற்றதற்கு அவற்றோடு மூன்று வாரத்துக்கொரு முறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவோ இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம்! ஓராண்டு கழித்து முதற் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 16 பேரும், இரண்டாவதில் 43 பேரும் உயிரோடிருந்ததாக 2022-ல் வெளியிட்டார்கள். ஏழைக்கு எட்டும் அளவு எது என்று கேட்டுப் பார்த்ததன் பலன் இது.

ஆகவே தோழர்களே, பொடி விற்பவனையும் சரி, பெரிய வைத்தியரையும் சரி, கேளுங்கள்: இது எந்த அணுவின்மேல் வேலை செய்கிறது? எத்தனை பேரிடம் பரீட்சிக்கப்பட்டது? எத்தனை பேர் பிழைத்தார்கள்? யோக்கியமான வைத்தியர் பதில் சொல்லுவார். பொடிக்காரன் கோபித்துக் கொள்ளுவான். புகையிலை போடுகிற தோழர்கள் அதை விடுங்கள். வாயில் புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், ஆவடியானாலும் பூவிருந்தவல்லியானாலும் லேகியத்தைத் தேடாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.